தாத்தாவின் டிரங்குப் பெட்டியும் பால் கணக்கு நோட்டும்

கேள்வி என்னவென்று முதலில் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் தாத்தா ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் நெல் பூச்சிகளைப் பற்றி ஆய்வு செய்தவர். தாத்தாவின் அண்ணன் வேதியியல் பேராசிரியர், ஓர் அத்தை தாவரவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். வீட்டுப் பரணில் இரண்டு டிரங்குப் பெட்டிகள் கிடைத்திருக்கின்றன. உள்ளே கடிதங்கள், டைரிகள், போட்டோக்கள், அப்புறம் இருபதுக்கு மேல் வீட்டுக் கணக்கு நோட்டுகள். "இதை வைத்து எங்கள் குடும்பத்தின் அறிவியல் வரலாற்றை எழுதலாமா, எழுதினால் அதை வரலாறு என்று யாராவது ஒத்துக்கொள்வார்களா? கணக்கு நோட்டில் ஒன்றுமில்லை, பால், அரிசி, சலவை என்றுதான் இருக்கிறது, அதை மட்டும் பழைய பேப்பரில் போட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். மாதிரிக்கு அதிலிருந்து ஒரு வரியையும் கொடுத்திருக்கிறார்: "கு. விளக்கு – 1 ரூ." மாதம் தவறாமல் வருகிறதாம்.

எழுதலாம், ஒத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கணக்கு நோட்டுகளைப் பேப்பர்காரரிடம் எடை போட்டுவிட்டீர்கள் என்றால் பெட்டியில் பாதி போய்விட்டது என்று அர்த்தம். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

கடிதம் எழுதுகிறவருக்கு யார் படிக்கப் போகிறார்கள் என்று தெரியும், அதற்கேற்றபடிதான் எழுதுவார். அப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் காய்ச்சல் ‘லேசாக’ இருக்கும், நண்பனுக்கு எழுதியதில் அதே காய்ச்சலில் பத்து நாள் படுக்கையில் கிடந்திருப்பார். டைரியும் அப்படித்தான், என்றைக்காவது யாராவது எடுத்துப் படிப்பார்கள் என்ற நினைப்பு எழுதுகிறவரின் மனதில் ஓரமாக உட்கார்ந்திருக்கும். பால் கணக்கு எழுதும்போது யாரும் வரலாற்றை நினைப்பதில்லை. (அதிலும் பொய் உண்டு, சீட்டாட்டத்தில் விட்ட பணம் ‘இதர செலவு’ ஆகியிருக்கும். ஆனால் அந்தப் பொய் எங்கே உட்காரும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும்.)

விஞ்ஞானிக் குடும்பங்களில் மிக அதிகமாகக் காகிதம் மிஞ்சியது சார்லஸ் டார்வினின் குடும்பத்தில்தான் என்று நினைக்கிறேன், அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன். தாத்தா எராஸ்மஸ் டார்வின் மருத்துவர், கவிஞர். அம்மா வழித் தாத்தா ஜோசையா வெட்ஜ்வுட், பீங்கான் தொழிலில் பெரும் பணம் சேர்த்தவர். சார்லஸ் 1839-இல் கல்யாணம் செய்துகொண்ட எம்மா, அவருடைய அம்மாவின் கூடப் பிறந்த தம்பி மகள், நம் கணக்கில் சொந்த மாமன் மகள். பத்துப் பிள்ளைகள், மூன்று சிறுவயதிலேயே போய்விட்டன. பிழைத்த மகன்களில் ஜார்ஜ் வானியலாளர், பிரான்சிஸ் தாவரவியலாளர், ஹொரேஸ் அறிவியல் கருவிகள் செய்யும் கம்பெனியைக் கேம்பிரிட்ஜில் தொடங்கியவர். மூவருமே ராயல் சொசைட்டி உறுப்பினர்கள்.

இப்படி ஒரு வம்சாவளியைப் பார்த்ததும் எல்லாருக்கும் வரும் முதல் கேள்வி, ‘அறிவு ரத்தத்திலேயே ஓடுகிறதோ?’ என்பதுதான். விஞ்ஞானிக் குடும்பங்களைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்கியதே இந்தக் கேள்வியில்தான், அதுதான் அதன் பிறவிக் கோளாறும்கூட. டார்வினின் உறவினர் பிரான்சிஸ் கால்டன், புகழ் பெற்றவர்களின் வம்சாவளிகளை எல்லாம் திரட்டி, மேதைமை பரம்பரையாக வருவது என்று 1869-இல் ஒரு புத்தகமே எழுதினார். அந்த யோசனை போய் நின்ற இடம் ‘நல்ல’ இனத்தைப் பெருக்கி ‘மட்டமான’ இனத்தைக் குறைக்கும் யூஜெனிக்ஸ் இயக்கம். டார்வினின் இன்னொரு மகன் லியோனார்ட் 1911 முதல் 1928 வரை அந்த இயக்கத்தின் பிரிட்டிஷ் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். வெறும் வம்சாவளியை மட்டும் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தால் உங்களையும் அறியாமல் கால்டன் போன வழியில்தான் போவீர்கள்: தாத்தா ஆய்வாளர், பெரிய தாத்தா பேராசிரியர், அத்தை டாக்டரேட், ஆகவே எங்கள் குடும்பம் அறிவுக் குடும்பம், முடிந்தது கதை.

கணக்கு நோட்டு இதை உடைத்துவிடும். சார்லஸ் டார்வின் வாழ்நாளில் சம்பளத்துக்கு வேலை பார்த்ததே இல்லை. ஆனால் கல்யாணமான வருஷத்திலிருந்து சாகும் காலம் வரைக்கும் வரவு செலவைக் கவனமாக எழுதி வைத்திருக்கிறார். அப்பா ராபர்ட் டார்வின் மருத்துவர் மட்டுமல்ல, நிலத்தையும் சொத்தையும் ஈடு வாங்கிக்கொண்டு கடன் கொடுத்துச் செல்வம் சேர்த்தவர். மகனுக்கு அந்தப் பணம், மனைவி வழியில் வெட்ஜ்வுட் பணம், 1845-இல் லிங்கன்ஷயரில் பீஸ்பி என்ற இடத்தில் வாங்கிய பண்ணையின் குத்தகை, ரயில்வே பங்குகளின் வருமானம். 1846 முதல் 1854 வரை எட்டு வருஷம் அவர் கடல் பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் பார்னக்கிள்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எட்டு வருஷம் அடுப்பு எப்படி எரிந்தது? கடிதங்களில் பார்னக்கிள் இருக்கும், அடுப்பு கணக்கு நோட்டில்தான் இருக்கும். பரம்பரையாக வந்தது மூளையா, எட்டு வருஷம் சம்பாதிக்காமல் உட்கார்ந்து யோசிக்கும் வசதியா என்ற கேள்வியை அங்கே வைத்துத்தான் கேட்க முடியும். (எம்மாவோடு ராத்திரியில் ஆடும் பேக்காமன் ஆட்டத்துக்குக்கூட அவரிடம் கணக்கு இருந்தது. 1876-இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் எம்மா 2490 ஆட்டம், தான் 2795 ஆட்டம் ஜெயித்திருப்பதாகப் பீற்றிக்கொள்கிறார்.)

வீட்டுக் காகிதத்தில் மட்டும் கிடைக்கும் இன்னொன்று, ஆட்களின் பெயர். மண்புழுக்களைப் பற்றி டார்வின் 1881-இல் வெளியிட்ட புத்தகத்தில், புழுக்களுக்குக் காது கேட்குமா என்று சோதித்த பகுதி ஒன்று வரும். புழுக்களின் பக்கத்தில் உலோக விசில் திரும்பத் திரும்ப ‘ஊதப்பட்டது’, அவை கண்டுகொள்ளவில்லை. பஸ்ஸூன் என்ற ஊதும் வாத்தியத்தின் கட்டைக் குரலுக்கும் அசையவில்லை. பியானோ முடிந்த மட்டும் பலமாக ‘வாசிக்கப்பட்டது’, அப்போதும் சும்மா கிடந்தன. ஆனால் புழுக்கள் இருந்த தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தைத் தட்டியதும் வளைக்குள் ஓடிவிட்டன. காதில் விழவில்லை, அதிர்வுதான் உறைத்தது. அழகான சோதனை. எல்லாம் செயப்பாட்டு வினை, ஊதியவர் யார், வாசித்தவர் யார் என்று புத்தகத்தில் இல்லை. குடும்பத்தார் சொல்லி வந்த கதையில் பெயர்கள் இருக்கின்றன: பியானோ எம்மா, பஸ்ஸூன் மகன் பிரான்சிஸ், விசில் பேரன் பெர்னார்ட். ஆய்வுக்கூடம் என்று நாம் நினைப்பது அவர்களுடைய கூடம்தான், நிஜமான வீட்டுக் கூடம்.

இது ஒரு தடவை நடந்த வேடிக்கை இல்லை. ஆண் வண்டுத்தேனீக்கள் தோட்டத்தில் எந்த வழியாகப் பறக்கின்றன என்று கண்டுபிடிக்க ஐந்தாறு பிள்ளைகளை இடம் இடமாக நிற்க வைத்து, தேனீ வந்ததும் கத்தச் சொல்லியிருக்கிறார். 1855-இல் பதினைந்து வருஷமாக உழாமல் விட்ட ஒரு வயலில் என்னென்ன செடி முளைத்திருக்கிறது என்று எண்ணியபோது கூட இருந்தவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்த ஆசிரியை மிஸ் தார்லி. மனிதனின் வம்சம் பற்றி 1871-இல் வந்த புத்தகத்தின் பிரதியைத் திருத்திக் கொடுத்தவர் மகள் ஹென்ரியட்டா. மூத்த மகன் வில்லியம் 1839 டிசம்பர் 27-இல் பிறந்த நாளிலிருந்து எப்போது தும்மினான், எப்போது கோபப்பட்டான் என்று டார்வின் ஒரு நோட்டில் குறித்து வந்தார். 37 வருஷம் கழித்து அதிலிருந்து ஒரு கட்டுரை, குழந்தை உளவியலில் ஆரம்பகாலக் கட்டுரைகளில் ஒன்று, அவருடைய பெயரில் வந்தது. நோட்டைத் திறந்தால் எம்மாவின் கையெழுத்தும் இருக்கிறது.

உங்கள் தாத்தாவின் கட்டுரைகள் நிச்சயம் எங்காவது நூலகத்தில் இருக்கும். அவற்றில் எத்தனை ‘சேகரிக்கப்பட்டன’, ‘எண்ணப்பட்டன’, ‘கவனிக்கப்பட்டது’ வருகிறது என்று ஒருமுறை பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எழுவாயைத் தேடுவதுதான் உங்கள் வேலை. அதற்கான இடம் பெட்டிதான்.

சரி, இதுவரை பெட்டியின் பெருமை. இனி அதை எவ்வளவு சந்தேகத்தோடு படிக்க வேண்டும் என்பது. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம், ஆனால் சொந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவதும் இங்கேதான்.

மிஞ்சியது எல்லாம் முக்கியமானது என்றும், முக்கியமானது எல்லாம் மிஞ்சும் என்றும் ஒரு நினைப்பு நமக்கு. டார்வின் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். அவர் வந்த கடிதங்களைக் கம்பியில் குத்தி வைப்பார், நம் மளிகைக் கடையில் பில் குத்தி வைப்பார்களே, அதே மாதிரி. கம்பிகள் கொஞ்சம்தான் இருந்தன. எல்லாம் நிரம்பியதும் சில வருஷக் கடிதங்களை மொத்தமாகக் கொளுத்திவிட்டுக் கம்பியைக் காலி செய்துகொள்வாராம். 1862-க்கு முன்பு அவருக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி இப்படிப் போயிற்று என்று மகன் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். உயிரினங்களின் தோற்றம் பற்றிய புத்தகம் வந்தது 1859. அதாவது, அது உருவாகிக்கொண்டிருந்த வருஷங்களில் யார் அவருக்கு என்ன எழுதினார்கள் என்பதில் பெரும்பகுதி நெருப்புக்குப் போனதற்குக் காரணம் ரகசியமும் இல்லை, பகையும் இல்லை, கம்பி போதவில்லை.

அந்தப் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி கதை இன்னும் வேடிக்கை. சுமார் 600 பக்கம் இருந்திருக்கும், இன்றைக்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு அளவுதான். அச்சானதும் அவருக்கு அது பழைய பேப்பர். பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார், அவர்கள் பின்பக்கத்தில் படம் வரைந்தார்கள். ஒரு படத்தில் கத்திரிக்காய் மேலும் கேரட் மேலும் ஏறிக்கொண்டு வீரர்கள் சண்டை போடுகிறார்கள், பிரான்சிஸ் வரைந்தது என்று கருதுகிறார்கள். அந்தப் பக்கங்கள் இன்று நம் கையில் இருப்பதற்கு டார்வினின் எழுத்து காரணமில்லை, பிள்ளை கிறுக்கியதைத் தூக்கிப் போட ஓர் அம்மாவுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இது தற்செயலாக அழிந்தது. வேண்டுமென்றே வெட்டியதும் உண்டு. டார்வின் 1876-இல் பிள்ளைகளுக்காகத் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதி வைத்தார். அவர் இறந்த பிறகு பிரான்சிஸ் அதைப் பதிப்பிக்க எடுத்தபோது வீட்டுக்குள் பெரிய தகராறு, மதத்தைப் பற்றி அப்பா எழுதியதை அப்படியே போடலாமா கூடாதா என்று. சில வரிகளை எடுத்துவிடும்படி எம்மாவே கேட்டார். 1887-இல் வெட்டுப்பட்ட வடிவம்தான் வெளிவந்தது. விட்டுப்போன ஏறக்குறைய 6,000 சொற்களைத் திரும்பச் சேர்த்து 1958-இல் பதிப்பித்தவர் பேத்தி நோரா பார்லோ. வெட்டியதும் குடும்பம், ஒட்டியதும் குடும்பம். நடுவில் 71 வருஷம் உலகம் படித்தது குடும்பம் படிக்கவிட்ட டார்வினைத்தான். நான் எம்மாவைக் குறை சொல்லமாட்டேன். கல்யாணமான புதிதில் மதத்தைப் பற்றித் தன் கவலையை அவர் கணவருக்கு ஒரு கடிதமாக எழுதியிருந்தார். அதை டார்வின் கடைசி வரை வைத்திருந்தார், நான் செத்த பிறகு தெரிந்துகொள், இதைப் பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று அதிலேயே எழுதியும் வைத்திருந்தார். அப்படி ஒரு கடிதத்தை வைத்திருக்கும் மனைவியிடம் போய் வரலாற்று நேர்மை பேச நமக்கு வாய் வராது. ஆனால் எழுதுகிறவர் வெட்டு நடந்தது என்று பதிவு செய்தாக வேண்டும்.

கரோலின் ஹெர்ஷல் வேறு மாதிரி. அண்ணன் வில்லியம் ஹெர்ஷலோடு இருந்து தொலைநோக்கி வேலையில் பங்கெடுத்து, தானே வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தவர். 1788-இல் அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு வீட்டுக்கு அண்ணி வந்தார். அதற்குப் பிந்தைய சுமார் பத்து வருஷ நாட்குறிப்புகளைக் கரோலின் தானே அழித்துவிட்டார். என்ன எழுதியிருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் எந்தத் தேதியில் ஓட்டை விழுகிறது என்பதே பாதியைச் சொல்லிவிடுகிறதே. உங்கள் பெட்டியிலும் ஓட்டை இருக்கும். டைரிகளை வருஷவாரியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், எது இல்லையோ அந்த வருஷத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று விசாரியுங்கள். மெதுவாக விசாரியுங்கள், உயிரோடு இருப்பவர்கள் சம்பந்தப்பட்டிருப்பார்கள்.

டைரி படிக்கும் முறைக்கு ஒரே ஓர் உதாரணம். எம்மாவின் டைரிகள் சட்டைப்பைக்குள் அடங்கும் சின்ன டைரிகள், யாருக்கு ஜுரம், யார் வந்தார்கள், யார் ஊருக்குப் போனார்கள் என்று இரண்டு மூன்று சொல்தான் இருக்கும். 1851-இல் பத்து வயது மகள் ஆனி, மால்வெர்ன் என்ற ஊரில் சிகிச்சையில் இருந்தபோது இறந்துபோனாள். ஏப்ரல் 23 என்ற இடத்தில் எம்மா எழுதியிருப்பது ‘12 மணி’ என்று மட்டும். இதைப் படிப்பவர் பதறி அங்கேயே நின்றுவிடுவார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், எம்மா அன்று மால்வெர்னில் இல்லை, நிறைமாத கர்ப்பிணியாக வீட்டில் இருந்தார், அடுத்த மாதமே ஹொரேஸ் பிறந்தான். எந்த நேரத்தில் உயிர் போயிற்று என்று சேதி வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்க முடியும். அப்படியானால் பின்னால் திரும்பிப் போய், அந்தத் தேதியைத் தேடி, அந்த ஒரு நேரத்தை எழுதியிருக்கிறார். டைரியில் ஒரு தேதிக்குக் கீழே இருப்பது அன்றைக்கே எழுதியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மை நிறம் மாறுகிறதா, இடுக்கில் நுழைத்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

வீடும் ஆய்வும் ஒரே நோட்டில் கலந்து கிடப்பதற்கு க்யூரி குடும்பமும் நல்ல சாட்சி. ரேடியம் கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது 1898 டிசம்பர் கடைசியில். அடுத்த சில நாளில் மேரி க்யூரியின் வீட்டு நோட்டில் இருப்பது, மகள் ஐரீனுக்குப் பதினைந்து பல் முளைத்துவிட்டது என்ற சேதி. அந்த ஐரீன் 1935-இல் நோபல் வாங்கினார்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ‘விஞ்ஞானிக் குடும்பம்’ என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது சி. வி. ராமன் குடும்பம்தான். ராமனுக்கு 1930-இல் நோபல், அவருடைய அண்ணன் மகன் எஸ். சந்திரசேகருக்கு 1983-இல். மகன் ராதாகிருஷ்ணன் வானொலி வானியலாளர், சகோதரிகளின் மகன்களில் ராமசேஷன், பஞ்சரத்தினம் இருவரும் பெயர் பெற்ற இயற்பியலாளர்கள். கால்டன் பார்த்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். ஆனால் அந்த வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் சோறு போட்ட வேலை என்ன? கணக்குத் துறை! அண்ணன் சி. சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்கு அதிகாரி, அந்த உத்தியோகத்தால்தான் சந்திரசேகர் 1910-இல் லாகூரில் பிறந்தார். தம்பி ராமன் 1907-இல் அரசு நிதித் துறையில் சேர்ந்து கல்கத்தா போனார், அங்கே அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். 1917-இல்தான் முழுநேரப் பேராசிரியர். அந்தக் காலத்தில் இங்கே ஒரு இளைஞன் விஞ்ஞானியாக வேண்டுமென்றால் முதலில் பரீட்சை எழுதி உத்தியோகம் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பரீட்சை வரைக்கும் போக ஆங்கிலப் படிப்பு வேண்டும், அது யாருக்கு எட்டியது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். பரண் இருந்த வீட்டில்தானே பெட்டி மிஞ்சும். உங்கள் குடும்ப வரலாற்றில் இந்த ஒரு பத்தி இல்லையென்றால் அது குடும்ப மலராக நின்றுவிடும்.

சந்திரசேகர் 1930-இல் கப்பலேறியபோது அம்மா சீதாலட்சுமிக்கு உடம்பு சரியில்லை, அடுத்த வருஷமே காலமாகிவிட்டார், மகனால் வர முடியவில்லை. அப்பாவும் மகனும் எழுதிக்கொண்ட கடிதங்களை வைத்துத்தான் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் பெரும்பகுதியை எழுத முடிந்திருக்கிறது. கடிதம் எழுதியவர்கள் அப்பாவும் மகனும் என்பதால் கதையும் அப்பா–மகன் கதையாகவே அமைந்துவிடுகிறது. சீதாலட்சுமி, இப்சன் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். வீட்டுவேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் அதை எப்போது உட்கார்ந்து செய்தார்? இதற்குப் பதில் அப்பா–மகன் கடிதங்களில் இருக்காது. ஒரு பெட்டியில் யாருடைய கடிதங்கள் மிஞ்சுகின்றனவோ அவர்கள்தான் கதாநாயகர் ஆகிறார்கள். உங்கள் அத்தையின் கடிதங்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணினீர்களா?

இனி நடைமுறை. நான் செய்த தப்பையே சொல்கிறேன். இருபத்திரண்டு வயதில், என் அம்மாவின் சித்தப்பா ஒருவர், இயற்பியல் விரிவுரையாளர், அவர் காலமான பிறகு பெட்டியை ‘ஒழுங்குபடுத்தும்’ வேலை எனக்கு வந்தது. ரொம்பச் சுறுசுறுப்பாகக் கடிதங்களை எல்லாம் உறையிலிருந்து எடுத்து, ஆள்வாரியாக அடுக்கி, கட்டுப் போட்டு, உறைகளை வெந்நீர் அடுப்பில் போட்டேன். நன்றாகத்தான் எரிந்தன. ஒரு மாதம் கழித்துப் படிக்க உட்கார்ந்தால் பாதிக் கடிதத்தில் வருஷமே இல்லை. ‘பங்குனி 14, வெள்ளி’ என்று இருக்கும். வருஷம் எங்கே இருந்தது? உறையில் அடித்த தபால் முத்திரையில். அப்புறம் பழைய பஞ்சாங்கங்களைத் தேடிப் பிடித்து, பங்குனி 14 எந்தெந்த வருஷம் வெள்ளிக்கிழமை வருகிறது என்று குறித்து, அவற்றில் எதில் ‘சின்னவள் கல்யாணம் நிச்சயமானது’ பொருந்துகிறது என்று பார்த்து, ஒரு கட்டுக்குத் தேதி போட எட்டு மாதம் ஆயிற்று. டார்வினும் கடிதங்களில் வருஷம் எழுதாத ஆள்தான். அவருடைய கடிதங்களைப் பதிப்பித்தவர்கள் தாளின் நீர்க்குறி, அச்சிட்ட முகவரி, துக்கத்துக்குப் போடும் கறுப்பு ஓரம் வரைக்கும் பார்த்துத் தேதி போட்டார்கள். 15,000-க்கு மேல் கடிதங்கள், 1974-இல் தொடங்கிய வேலை, முப்பதாவது தொகுதி வெளிவந்தது 2023-இல்.

ஆகவே எதையும் அடுக்காதீர்கள். பெட்டி இருக்கிறபடியே திறந்து, ஒவ்வொரு அடுக்கையும் எடுக்கும் முன் ஒரு போட்டோ. எது எதோடு சேர்ந்து கிடந்தது என்பதும் ஒரு தகவல்தான், கரும்பலகைப் படத்துக்குள்ளே கல்யாணப் பத்திரிகை செருகியிருந்தால் அந்த இரண்டும் ஒரே காலம் என்று ஊகிக்கலாம். துருப்பிடித்த குண்டூசியை எடுத்துவிடுங்கள், ஆனால் எந்தெந்தத் தாளைச் சேர்த்துக் குத்தியிருந்தது என்று குறித்துவிட்டு. செல்லோடேப் போடவே போடாதீர்கள், லேமினேட்டும் வேண்டாம், இரண்டும் காகிதத்துக்கு எமன். போட்டோவின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள், பென்சில் போதும். ஸ்கேன் செய்ய முடியாவிட்டால் ஜன்னல் வெளிச்சத்தில் போனில் எடுத்தாலும் பரவாயில்லை, ஆனால் கணக்கு நோட்டில் காலிப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். கணக்கு எழுதாமல் நின்றுபோன மாதம் எது என்று அப்போதுதான் தெரியும்.

எழுதி முடித்து வெளியிடும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: தாத்தாவுக்கு வேறொருவர் எழுதிய கடிதத்தில் தாள்தான் உங்களுடையது, எழுத்தின் உரிமை எழுதியவருடையது, அவர் இல்லையென்றால் அவருடைய வாரிசுகளுடையது. முழுசாக அச்சிடும் முன் கேட்டுவிடுங்கள். பெட்டியை என்ன செய்வது என்று பின்னால் யோசனை வந்தால், விஞ்ஞானிகளின் காகிதங்களைச் சேகரிப்பதற்கென்றே பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் 2019-இல் ஓர் ஆவணக் காப்பகம் தொடங்கியிருக்கிறார்கள், சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. எங்கே கொடுத்தாலும் பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும். டார்வினின் இரண்டு நோட்டுகள், 1837-இல் உயிரினங்கள் கிளை பிரிவதை ஒரு மரமாக அவர் வரைந்த நோட்டு உட்பட, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலேயே காணாமல் போய்விட்டன. 2001-இல் இல்லை என்று தெரிந்தது, 2022 மார்ச்சில் யாரோ ஒரு இளஞ்சிவப்புப் பையில் போட்டு நூலக மாடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், ஈஸ்டர் வாழ்த்தோடு. நல்லவேளை, காணாமல் போகும் முன்பே அவற்றைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள்.

கடைசியாக அந்த ‘கு. விளக்கு – 1 ரூ’. கேள்வியைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த வரி மேல்தான் கண். உங்கள் தாத்தா நெல் பூச்சிக்காரர். தண்டுத் துளைப்பான் மாதிரியான பூச்சிகளின் அந்துப்பூச்சி எவ்வளவு வருகிறது என்று பார்க்க வயலில் ராத்திரி விளக்குப்பொறி வைப்பார்கள், காலையில் விழுந்ததை எண்ணுவார்கள். அலுவலகம் கொடுத்த விளக்கு போக வீட்டுப் பக்கத்து வயலிலும் ஒன்று வைத்து, சாயங்காலம் அதை ஏற்றவும் காலையில் எண்ணவும் ஒரு பையனுக்கு மாதம் ஒரு ரூபாய் கைக்காசிலிருந்து கொடுத்திருப்பாரோ என்று தோன்றுகிறது. அப்படியென்றால் கட்டுரையில் ‘எண்ணப்பட்டன’ என்று வரும் இடத்தில் உட்கார வேண்டிய பெயர் ‘கு’. இல்லை, பிள்ளையார் கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிய குருக்களாகவும் இருக்கலாம், அப்போது என் யூகம் அத்தனையும் கோவிந்தா. ஒரு ரூபாய் எல்லா மாதமும் ஒரே மாதிரி வருகிறதா, நெல் வயலில் நிற்கும் மாதங்களில் மட்டும் வருகிறதா என்று முதலில் பாருங்கள். மாதம் தவறாமல் என்றீர்கள், நிஜமாகவே பன்னிரண்டு மாதமுமா? பாட்டிக்கு ஞாபகம் நன்றாக இருக்கிறது என்றால் பெட்டியை மூடி வைத்துவிட்டு முதலில் அவரிடம் போய்க் கேளுங்கள், கு. யார் என்று.